வக்கீலிடம் சொல்லாத பதினொரு நாள்

ஜூன் 10, திங்கள்

பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இன்று பேருந்தில் நினைவுக்கு வந்தது. மாவட்ட வரைபடத்தில் ஆறுகளைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். அவள் எழுந்து நின்று, "டீச்சர், தண்ணியே வராத ஆத்தையும் நீலத்துலதான் வரையணுமா?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, நல்ல கேள்வி. நில அளவைத் துறை வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினேன். ஆண்டு முழுவதும் நீர் ஓடினால் நீலம். வறண்டு கிடந்தால் கறுப்புக் கோடு. "பேரு ஆறுதான். ஆனா தண்ணி இருக்கான்னு பாத்துத்தான் கலர்" என்றேன்.

நான் என் வீட்டை ஒன்பது வருடம் நீலத்தில் வரைந்துகொண்டிருந்தேன். இன்று விவாகரத்து வக்கீலைப் பார்க்கப் போனேன். என் வயது அறுபத்தொன்று.

வக்கீல் பெயர் எஸ்தர் பொன்மணி. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அலுவலகம். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி பாதி நேரம் தலையில்தான் இருக்கிறது. மேசை மேல் ஒரு கிண்ணத்தில் பொரிகடலை. கேட்டுக்கொண்டே எடுத்துச் சாப்பிடுகிறார். குமாஸ்தா சுடலைமுத்து அண்ணாச்சி வாசலையொட்டி உட்கார்ந்து வழக்குக் கட்டுகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டீச்சர்."

தொடங்கினேன். "ஒரு உதாரணம் சொல்லுதேன் மேடம்" என்று நான் மூன்றாவது முறை சொன்னபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"உதாரணம் போதும் டீச்சர். தேதி சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் என்னைக்குப் பேச்சை நிறுத்துனாக?"

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு, ஜூன் மூணு. புதன்கிழமை."

"அவ்வளவு கரெக்டாவா?"

"அன்னைக்குத்தான் நான் தலைமை ஆசிரியையா பொறுப்பெடுத்தேன்."

என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து அதற்கு முந்தைய மாதம் ஓய்வு பெற்றிருந்தார். என்னையும் விருப்ப ஓய்வு வாங்கச் சொன்னார். நான் பதவி உயர்வை வாங்கிக்கொண்டேன். அன்று மாலை, "ஆபீஸ் ரூம்ல உக்காந்தவளுக்கு வீட்டுல பேச ஆள் எதுக்கு" என்றார். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு எல்லாம் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம். 'பால் வேண்டாம்.' 'தண்ணீர் மோட்டார் பழுது.' போன வருடம் ஏப்ரலில், நானும் ஓய்வு பெற்ற பிறகு, மகாராஜ நகரில் மாடி வீடு ஒன்று பார்த்து வந்துவிட்டேன்.

எஸ்தர் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் ரெண்டே விஷயம். ஒண்ணு, போன்ல அழாதீங்க, நேர்ல வந்து அழுங்க. ரெண்டு, அந்தப் பக்கத்து வக்கீல் உங்களைப் பத்தி என்ன சொல்ல முடியுமோ, அதை அவருக்கு முன்னாடி எனக்கு நீங்க சொல்லிரணும். அப்படி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லைதான். வரும் வழியில் துவரம்பருப்பு, நல்லெண்ணெய், கண் சொட்டு மருந்து ஒரு பாட்டில். என் கண்ணுக்கு ஒன்றும் கேடில்லை. இருந்தாலும் கையில் இருக்கட்டும்.

ஜூன் 12, புதன்

நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதி வரச் சொல்லியிருக்கிறார். பழைய நாட்குறிப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தேன். இரண்டில் பூச்சி. நான்கு கட்டம் போட்டு எழுதுகிறேன்: தேதி, இடம், நிகழ்ச்சி, ஆதாரம். கோடு போடுவதற்கே காலைப்பொழுது போனது. சுகமாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

பழைய வீட்டுக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவர் நான்கு மணிக்கு நூலகம் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார். சாவி இன்னும் என்னிடம் ஒன்று இருக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி. போகும்போது தூக்குவாளி கனம். வரும்போது கனமில்லை.

ஜூன் 17, திங்கள்

தேதிப் பட்டியலைக் கொடுத்தேன். முப்பத்தாறு பக்கம், நீல மையில் எழுதி, ஆண்டுகளுக்கு மட்டும் சிவப்பில் அடிக்கோடு. அண்ணாச்சி புரட்டிப் பார்த்துவிட்டு, "வக்கீலம்மா, இதைக் கோர்ட்ல போட்டா ஜட்ஜ் மார்க் போட்டுக் குடுத்துருவாரு" என்றார்.

பிறகு கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"டீச்சர், இந்த வருசம் ஜனவரி இருக்கு, பிப்ரவரி இருக்கு, ஏப்ரல் இருக்கு. மார்ச்சு மட்டும் காலியா கெடக்கே?"

"ஒண்ணும் நடக்கல அண்ணாச்சி."

"ஒண்ணும் நடக்காததுதான டீச்சர் நம்ம கேஸே."

அவரே சிரித்துக்கொண்டார். எஸ்தர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வருகைப் பதிவேட்டில் விடுமுறை நாளுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துவிடுவோம். அன்று யார் வந்தார், யார் வரவில்லை என்ற கேள்வியே எழாது. அது போன்ற ஓர் இடம் அது.

ஜூன் 19, புதன்

ஓசூரிலிருந்து மகள் கோமதி போன்.

"அம்மா, நீதான் தனியா மாடியில இருக்கியே. அப்பா அவங்க பாட்டுக்கு இருக்காங்க. இதுக்கு மேல ஒரு காகிதம் எதுக்குன்னுதான் எனக்குப் புரியல."

அவளுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். பரீட்சை அறையில் ஒரு பிள்ளை எழுதி முடித்துவிட்டது. தாளைக் கட்டி வைத்துவிட்டது. ஆனால் கடைசி மணி அடிக்கவில்லை. அது எழுந்து போக முடியுமா? எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல், எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்த மணி வேண்டும்.

"நீ இப்பவும் காத்துக்கிட்டா இருக்க?" என்று கேட்டாள்.

"குக்கர் சத்தம் குடுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று குக்கர் வைக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

மனுவின் வரைவைக் கொடுத்து, படித்து வரச் சொன்னார். வீட்டில் வந்து படித்தேன். ஒன்பதாவது பத்தியில் எதிர்மனுதாரர் 'அடிக்கடி குடித்துவிட்டு வந்து மனுதாரரை அடித்துத் துன்புறுத்தினார்' என்று இருக்கிறது. காபிக்கு மேல் எதையும் குடித்தறியாத மனிதர். கை ஓங்கியதும் இல்லை. அந்தப் பத்தியை ஒரே கோடாக அடித்தேன். ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதினேன். பத்தாவது பத்திக்கும் அப்படியே.

ஜூன் 27, வியாழன்

வரைவைத் திருப்பிக் கொடுத்தேன். எஸ்தர் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் வெகு நேரம் பார்வை நின்றது. பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். அடியில், சிவப்பு மையில், என் கையெழுத்தில், 'மீண்டும் எழுதிக் காட்டவும்' என்று இருந்தது. பழக்க தோஷம். எழுதியதே எனக்கு நினைவில்லை.

அண்ணாச்சி ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று கீழே இறங்கிப் போனார். படிக்கட்டில் சிரிக்கும் சத்தம் மேலே வரை கேட்டது.

"எனக்கு இருபது வருச பிராக்டிஸ் டீச்சர். செகப்பு மையில எனக்கு யாராவது எழுதுனது பன்னெண்டாங் கிளாஸோட சரி."

"மன்னிச்சுக்கிடுங்க மேடம். ஆனா அவுக அடிக்கல."

"பேசலன்னு மட்டும் போட்டா மனு மெலிஞ்சு கெடக்கும்."

"இல்லாததைப் போட்டா, கூண்டுல நின்னு என் வாய் அதைச் சொல்லாது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒரு பிடி பொரிகடலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அது பழைய மனு ஒண்ணுல இருந்து வந்த பத்தி. நான் படிச்சுப் பாக்காம உங்க கையில குடுத்தது என் தப்பு" என்றார். "சரி, உள்ளதை மட்டும் எழுதுவோம். உள்ளது முழுக்க எழுதணும், என்ன டீச்சர்?"

"ஆமா."

"முழுக்க?"

"ஆமா மேடம்."

ஒரே கேள்வியை எதற்கு இரண்டு முறை கேட்டார் என்று தெரியவில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி தாக்கல்.

ஜூன் 28, வெள்ளி

செடி. வெண்டைக்காய் வத்தக்குழம்பு.

ஜூலை 4, வியாழன்

நீதிமன்றம் எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ள ஒரு நாள் வந்து பின்வரிசையில் உட்காருங்கள் என்று எஸ்தர் சொல்லியிருந்தார். போனேன். அவருடைய வேறொரு கட்சிக்காரரின் வழக்கு, ஒரு நடுத்தர வயது மனிதர். மனைவியோடு மூன்று வருடமாகத் தொடர்பே இல்லை என்று மனுவில் சொல்லியிருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு புகைப்படத்தை நீட்டினார். போன வருடம் குற்றாலத்தில் இரண்டு பேரும் ஈரத்தலையோடு நிற்கிறார்கள்.

அந்த மனிதர் குனிந்துகொண்டார். நான் எஸ்தரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. ஒருமுறை பள்ளி ஆய்வாளர் வந்தபோது, நான் நம்பி எழுப்பிவிட்ட பிள்ளை வாய் திறக்காமல் நின்றது. அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இன்று தெரிந்துகொண்டேன். அவர் எழுந்து, "வாய்தா வேணும்" என்று மட்டும் கேட்டார்.

வெளியே வராந்தாவில் அந்த மனிதர், "ஒரு நாள்தான மேடம், அதுல என்ன இருக்கு" என்றார்.

"அந்த ஒரு நாளை நீங்க சொல்லியிருந்தா அது ஒரு நாளாவே இருந்திருக்கும் சார். இப்ப உங்க மூணு வருசத்தையும் அது முழுங்கிட்டு."

எனக்கு எலுமிச்சைச் சாறு வாங்கித் தந்தார். குடிக்க முடியவில்லை. வெயில் என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

போனேன். தண்ணீர் ஊற்றினேன். குளிர்சாதனப் பெட்டியில் போன வாரக் குழம்பு தீர்ந்திருந்தது, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மேசையில் காலண்டர் தாள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பாட்டிலை அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாலை ஐந்தரைக்குப் போனேன். வாயால் சொல்ல வராது என்று தெரிந்ததால் காலையிலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எஸ்தர் நாளைய தாக்கலுக்கான கட்டை எடுத்துக் கையெழுத்து வாங்கத் தயாராக இருந்தார். தாளை அதன் மேல் வைத்தேன்.

"தலைப்பு வேற போட்டிருக்கீங்க. 'விடுபட்டவை'" என்றார். படித்தார்.

மார்ச் நான்காம் தேதி வீட்டுக்காரருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. மருத்துவமனையில் உடனிருந்தது நான். பதினான்காம் தேதி வரை அந்த வீட்டில் தங்கினேன். சமைத்தேன், நான்கு வேளையும் சொட்டு மருந்து விட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போகிறேன், குழம்பு வைத்துவிட்டு வருகிறேன். அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அந்த வீட்டுக்கு இந்த நாட்குறிப்பை நான் எடுத்துப் போகவில்லை. அதனால் மார்ச் காலியாக இருந்தது.

"அண்ணாச்சி, நாளைக்குத் தாக்கல் வேண்டாம்" என்றார் எஸ்தர். அண்ணாச்சி எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"எதுக்குப் போனீங்க டீச்சர்?"

"கண் ஆப்பரேசன். பாத்துக்கிட ஆள் இல்ல."

"மகளைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு நர்ஸ் வச்சிருக்கலாம். எதுக்குப் போனீங்க?"

"முப்பத்தாறு வருசம் ஒரே வீட்டுல…"

"சரி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எதுக்குப் போறீங்க?"

"செடி இருக்கு" என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. அவர் காத்திருந்தார். நான் வகுப்பில் பல முறை அப்படிக் காத்திருந்திருக்கிறேன். பதில் தெரிந்தும் சொல்லாமல் நிற்கும் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும். எனக்கு யாரும் அப்படிக் கொடுத்ததில்லை.

"பேசுவாகன்னு நெனைச்சேன்" என்றேன். "கண்ணைக் கட்டியிருக்காகளே, இப்பமாவது பேசுவாகன்னு. அப்புறம், குழம்பு நல்லா இருந்துதுன்னு ஒரு தாளாவது இருக்கும்னு."

அழுதேன். நேரில்தான் அழுதேன், அவர் சொன்ன மாதிரி. அவர் பொரிகடலைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். நான் முடிக்கும் வரை சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

பிறகு தெளிவாக எடுத்துச் சொன்னார். "பதினோரு நாள் ஒரே வீட்டுல இருந்ததால, அதுக்கு முந்தி நடந்ததையெல்லாம் நீங்க மன்னிச்சு ஏத்துக்கிட்டீங்கன்னு அவங்க சொல்லுவாங்க. அது அவங்க வாயில இருந்து வந்தா நீங்க மறைச்சவங்க. நம்ம மனுவுல இருந்து வந்தா நீங்க அவுகளைப் பாத்துக்கிட்டவங்க. இப்ப சொல்லுங்க. அந்தப் பதினோரு நாள்ல அவுக உங்ககிட்ட ஏதாவது பேசுனாகளா?"

"இல்ல."

"ஒரு வார்த்தை?"

"இல்ல மேடம்."

"நாலு வேளை மருந்து விடும்போது?"

"கையால சைகை காட்டுவாக. இந்தா, இப்படி."

நான் காட்டினேன். விரல்களை வெளிப்பக்கமாக உதறுவது, ஈயை விரட்டுவது போல. எஸ்தர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாளில் 'விடுபட்டவை' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஏதோ எண் போட்டார்.

"இதுதான் டீச்சர் பதினாலாவது பத்தி. நீங்க ஒளிச்சு வச்சிருந்த இதுதான் இந்த மனுவுலயே பலமான பத்தி."

"இனிமே வெள்ளிக்கிழமை போகக் கூடாதா?"

"போறதும் போகாததும் உங்க இஷ்டம். நான் உங்க வக்கீல், வார்டன் இல்ல. போனா எனக்கு ஒரு மெசேஜ் போட்டுருங்க. எனக்குத் தெரியாம மட்டும் போகாதீங்க."

வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டேன். மூன்றாவதும் ஊற்றிக்கொண்டேன். மார்ச்சிலிருந்து இவ்வளவு பசித்ததில்லை.

ஜூலை 11, வியாழன்

மனு தாக்கலானது. ஒன்பதாம், பத்தாம் பத்திகள் இல்லை. பதினான்காவது இருக்கிறது. ஒவ்வொரு வரியும் நான் நின்று சொல்லக்கூடிய வரி. கையெழுத்துப் போட்ட பிறகு எஸ்தர் ஒரு சிவப்புப் பேனாவை நீட்டினார். "கடைசிப் பக்கத்துல ஒரு 'சரி' போடுங்க டீச்சர், இது ஆபீஸ் காப்பிதான்." போட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

போனேன். போவதற்கு முன் மெசேஜ் அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது. யாரோ ஒருவருக்குத் தெரிந்து அந்தப் படி ஏறுவது வேறு மாதிரி இருந்தது. ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

இன்று வெள்ளிக்கிழமை என்பது மாலை ஏழு மணிக்குத்தான் நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

குடும்ப நீதிமன்ற ஆலோசகர் முன் இரண்டு பேரும் ஆஜரானோம். வீட்டுக்காரர் மெலிந்திருக்கிறார். கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமலே தாளைப் படித்தார். ஆலோசகர் ஓர் இளம்பெண், பொறுமையானவர். "ஐயா, அம்மாகிட்ட ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டார். அவர் ஆலோசகரைப் பார்த்து, "சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. ஒன்பது வருடமாக என்னிடம் வராத குரல், என் பக்கத்து நாற்காலியிலிருந்து வேறொருவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் இதுபோன்ற ஒன்றுக்குப் பிறகு நான்கு நாள் படுத்துவிடுவேன். இன்று வெளியே வந்து எஸ்தரிடம் நடந்ததை அப்படியே ஒப்பித்தேன். "பஜ்ஜி சாப்பிடுவோமா?" என்றார். சாப்பிட்டோம். வாழைக்காய்.

கோமதிக்குப் போன் செய்து மார்ச் மாதத்தைச் சொன்னேன். "என்கிட்ட ஏன்மா சொல்லல?" என்றாள். "அப்ப என்கிட்டயே நான் சொல்லிக்கிடல" என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

அவர் தரப்பு எதிருரை வந்தது. 'மனுதாரர் தாமே விரும்பி வந்து எதிர்மனுதாரருடன் மனைவியாக வாழ்ந்துள்ளார்' என்று இருக்கிறது. எஸ்தர் படித்துக் காட்டிவிட்டு, "பாத்தீங்களா, நம்ம சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்லுதாங்க" என்றார். ஜூலைக்கு முன் இந்த வரியைப் படித்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க முடிந்ததே ஒரு நிம்மதி.

டிசம்பர் 9, திங்கள்

நாளை குறுக்கு விசாரணை. எஸ்தர் என்னை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுப் பழக்கினார். அண்ணாச்சிதான் எதிர்த்தரப்பு வக்கீல். குரலை மாற்றி அதட்டினார். நான் இரண்டு முறை சிரித்துவிட்டேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில்" என்றார் எஸ்தர். "ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. உதாரணம் வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணு?"

"ஒண்ணு கூட வேண்டாம். உங்க உதாரணம் எல்லாம் எனக்குப் பிடிச்சிருக்கு டீச்சர். கேஸ் முடிஞ்ச பிறகு எனக்குச் சொல்லுங்க."

டிசம்பர் 10, செவ்வாய்

கூண்டு நான் நினைத்ததைவிடச் சிறியது, ஆய்வகத்தில் தராசு வைக்கும் மேடை அளவுதான். வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையான மனிதர்.

"மார்ச் நாலாம் தேதியில இருந்து பதினாலாம் தேதி வரை எதிர்மனுதாரர் வீட்டுலதான் தங்கியிருந்தீங்க, சரிதானே?"

"சரிதான்."

"யாரும் கட்டாயப்படுத்தல?"

"இல்ல."

"சமைச்சுப் போட்டீங்க, மருந்து போட்டீங்க."

"ஆமா."

"அதுக்குப் பிறகும் வாராவாரம் போயிருக்கீங்க."

"ஆமா. ஜூலை பன்னெண்டு வரைக்கும்."

அவர் அடுத்த கேள்விக்குத் தாளைத் திருப்பினார். நான் மறுப்பேன் என்று தயாரித்து வந்த கேள்விகள் அவை. நான்கைந்து பக்கத்தை வேகமாகத் தள்ளினார்.

"அப்படின்னா நீங்க ரெண்டு பேரும் சுமுகமாத்தான் வாழ்ந்தீங்கன்னு சொல்லுறேன்."

"தப்பு."

அவர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி என்னைப் பார்த்து, "ஏன் தப்புன்னு சொல்லுறீங்கம்மா?" என்று கேட்டார். நான் எஸ்தரைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையசைத்தார்.

"ஒரு நாளைக்கு நாலு தடவை இமையைத் தூக்கிப் பிடிச்சு மருந்து விட்டேன் ஐயா. அந்த மருந்து எரியும். ஒவ்வொரு தடவையும், எரியுதான்னு கேட்டேன். பதினோரு நாளும் ஆமான்னு சொல்லல, இல்லன்னும் சொல்லல. கையை உதறிக் காட்டுவாக. இனிமே கேக்க என்னால முடியாது."

நீதிபதி முன்வரிசைப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இந்த அம்மா சொல்லுறது உண்மையா?"

அவர் எழுந்தார். மேல்சட்டையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பொய் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் ஒன்பதாவது பத்தியை அடித்தேன்.

"அவ சொல்லுறது சரிதான். மருந்தைப் பத்திச் சொன்னதும் சரிதான். எனக்கு இதுல ஆட்சேபணை ஏதும் இல்ல" என்றார்.

அவர் தரப்பில் சாட்சி இல்லை என்று வக்கீல் எழுதிக்கொடுத்தார். தீர்ப்புக்கு ஒத்திவைத்தார்கள்.

வராந்தாவில் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "உதாரணமே சொல்லல டீச்சர்" என்றார்.

"இல்ல."

"நல்லாத் தூங்குங்க இன்னைக்கு."

பகலிலேயே தூங்கிவிட்டேன். பால்காரர் வந்து எழுப்பும் வரை.

ஜனவரி 22, புதன்

விவாகரத்து என்று தீர்ப்பு. நீதிபதி வாசித்தது முக்கால் நிமிடம் இருக்கும். அவர் வரவில்லை. வந்திருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கே புதிது.

பழைய வீட்டுச் சாவியைக் கோமதியிடம் அனுப்பி வைக்கப்போகிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை அவர் பார்த்துக்கொள்வார், கண் நன்றாகத் தெரிகிறது.

ஜனவரி 27, திங்கள்

தீர்ப்பு நகல் வாங்கப் போனேன். எஸ்தருக்குத் திருநெல்வேலி அல்வா அரைக் கிலோ, அண்ணாச்சிக்குச் சீனி குறைவாக மிக்சர். பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்குப் பிடித்த பேசாமை அது.

மாடிப்படி அருகே பெஞ்சில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு கட்டுக் காகிதத்தை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் முறை வந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, "அக்கா, இந்த வக்கீலம்மா எப்படி? நல்லாப் பாப்பாங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாப் பாப்பாங்க. ஆனா நீ காட்டுறதைத்தான் பாப்பாங்கம்மா" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். என் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குச் சொன்னதையே, இதை என்றாவது படிக்க நேர்கிறவர்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

வக்கீலைப் பார்க்கப் போகும் அன்று, அவரிடம் எதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதி, மற்றக் காகிதங்களுக்கெல்லாம் மேலே வைத்துக் கொடுங்கள்.